நேசையா அடிக்காத இரண்டாம் மணி

ஆதாரபுரம் கோவிலுக்கு எத்தனையோ கோவில்குட்டிகள் இருந்திருக்கிறார்கள். கோவிலைக் கூட்டி, பாய் விரித்து, விளக்குக்கு எண்ணெய் விட்டு, நேரத்துக்கு மணி அடிக்கிறவனுக்குத்தான் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் கோவில்குட்டி என்று பேர். வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். அவர்களில் ஒருவன் பேரைக் கேட்டால்கூட ஊரில் யாருக்கும் தெரியாது. நேசையா பேரைக் கேட்டுப் பாருங்கள். ஏரல் வெற்றிலைக் கடையில் கேட்டாலும் சொல்லுவார்கள், ஆற்றுக்கு அக்கரையில் கேட்டாலும் சொல்லுவார்கள். படித்தவனா என்றால் இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பான், அவ்வளவுதான். படித்தவர்கள் பேரெல்லாம் கோவில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. அதை நின்று வாசிக்கிறவனை இன்றுவரை காணோம்.

பிறந்தபோது அவன் பேர் முத்துமாலை. வயலில் நாற்றுச் சுமந்த குடும்பம். ஞானஸ்நானம் வாங்கி நேசையா ஆனான். தோள் இரண்டும் கலப்பை மாதிரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய வெண்கல மணி மாட்டுவண்டியில் ஆதாரபுரம் வந்து சேர்ந்தபோது, அதைக் கோபுரத்தில் ஏற்றக் கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் கை எரிச்சலோடு விலகிக்கொண்டார்கள். கடைசிவரை விடாமல் பிடித்தவன் நேசையா. அதைப் பார்த்துவிட்டு அப்போதிருந்த ஐயர் அவனையே கோவில்குட்டியாக்கினார். குருவானவரை ஐயர் என்பது இங்கே வழக்கம்.

அவன் மணி அடித்தால் அது தனி அடி. முதல் மணி துள்ளிக்கொண்டு போகும். இரண்டாம் மணி சீராக ஓடும். மூன்றாம் மணி மூன்றே அடியில் நிற்கும். துக்கமணிக்கு ஒரே ஓர் அடி, பிறகு அந்த ஓசை வாய்க்கால் தாண்டிப் போய் அடங்கும்வரை பொறுத்து இன்னொன்று. ஆதாரபுரத்தில் கடிகாரம், சபையை நடத்துகிற உபதேசியார் வீட்டில் மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் நேசையாவின் கைதான் கடிகாரம். அது அவனுக்கும் தெரியும். தெருவில் நடக்கும்போது அந்தத் தெரிதல் அவன் நடையில் இருக்கும்.

அக்கரையிலிருந்து சுடலைவடிவு என்று ஒருத்தியைக் கட்டினான். கலியாணத்துக்கு முன்னால் அவளுக்கும் ஞானஸ்நானம் ஆகி ஞானம்பாள் என்று பேர் வைத்தார்கள். சபையில் அவள் ஞானம்பாள். அவனுக்கு வடிவுதான். அவள் வீட்டார் பழைய வழியிலேயே இருந்தார்கள். தங்கச்சி இசக்கியம்மா மட்டும் ஆற்றைக் கடந்து அடிக்கடி வந்துபோவாள்.

சற்குணம் உபதேசியார் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது 1904இல். சேகரம் என்றால் பல ஊர்ச் சபை சேர்ந்தது, அத்தனைக்கும் ஒரே ஐயர், மாதத்துக்கு ஒரு தரம் வந்தாலே பெரிது. மற்ற நாளெல்லாம் ஜெபம், பிரசங்கம், பள்ளிக்கூடம், சபை விசாரணை எல்லாமே உபதேசியார் கையில். சற்குணத்துக்கு அது போதவில்லை. பாளையங்கோட்டையில் வேதபாடம் படித்தவர், அங்கி போட்டுக்கொண்டு பீடத்தண்டை நிற்கவேண்டும், ஜனங்கள் தன்னையும் ஐயர் என்று கூப்பிடவேண்டும் என்பதுதான் அவருக்கு எழுந்ததும் ஆசை, படுத்ததும் ஆசை. அதற்கு முதல் படி, தன் சபை பிஷப்பாகிய அத்தியட்சரின் ஆளுகை முழுவதிலும் ஒழுங்கான சபை என்று பேர் வாங்குவது.

ஒழுங்கு என்றால் சாதாரண ஒழுங்கு இல்லை. சனங்கள் வெள்ளென வந்து கோவில் புன்னைமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேசுவது முன்பிருந்த வழக்கம். சற்குணம் அதை ஒரே வாரத்தில் நிறுத்தினார். முதல் மணிக்குக் குளித்துத் துணி மாற்ற வேண்டும். இரண்டாம் மணி கேட்ட பிறகுதான் வீட்டுப் படி இறங்க வேண்டும். மூன்றாம் மணிக்குள் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் மணி கேட்குமுன் கோவில் வளவுக்குள் கால் வைத்தவர்களை ஆராதனை முடிகிற மட்டும் வாசலில் நிற்கவைத்தார். மூத்த மூப்பர் ஒருவரையே அப்படி வெயிலில் நிறுத்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எவன் அசைவான்? வண்டி பூட்டி நின்றாலும், பிள்ளை அழுதாலும், இரண்டாம் மணி கேட்காமல் ஆதாரபுரத்தில் ஒரு கால் தெருவில் இறங்காது என்று ஆயிற்று.

1906 ஐப்பசியில் ஆறு கரை முட்டப் போயிற்று. வெள்ளம் வடியுமுன்பே பேதி வந்தது. வடிவு படுத்தாள். இசக்கியம்மா எப்படியோ ஆற்றைக் கடந்து வந்து அக்காள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் மடியில் சுடலைமாடன் கோவில் திருநீறு இருந்தது. வடிவு நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டாள். நேசையா துணியை நனைத்து அதை அழிக்கப் போனான். வடிவு கண்ணைத் திறக்காமலே, இருக்கட்டும், குளிர்ச்சியா இருக்கு என்றாள். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டான்.

ஜெபம் பண்ண வந்த சற்குணம் வாசல் நிலையில் நின்றபடியே அந்த நெற்றியைப் பார்த்தார். நேசையா நடந்ததை நடந்தபடி சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"குளிர்ச்சிக்கு ஆத்துல தண்ணி இல்லையா லே?" என்று கேட்டுவிட்டு, ஜெபம் பண்ணாமலே திரும்பிப் போனார்.

சாயங்காலம் வடிவு போய்விட்டாள். நேசையா அழவில்லை. நேரே மணிக்கூண்டுக்குப் போனான். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் அவன்தான் அடித்திருக்கிறான். தன் பெண்டாட்டிக்கு எந்த அடி அடிக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்தவன் கைக்கு மேலே இன்னொரு கை வந்து பிடித்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சற்குணம் நின்றார்.

"கயித்த விடு. இவ பழைய வழிக்கே திரும்பிப் போனவ. திரும்பிப் போனவளுக்கு மணியும் கிடையாது, ஜெபமும் கிடையாது."

"அய்யா, அவளுக்கு அப்ப நெனவே இல்ல."

"மீறி அடிச்சேன்னா கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே விடமாட்டேன். அடிக்காம இருந்தேன்னா உள்ள ஒரு மூலையில எடம் தாரேன். எது வேணும், நீயே சொல்லு."

ஆற்றில் வெள்ளம், சேகரத்து ஐயர் வருவதற்கு வழியில்லை. பேதியில் செத்த உடம்பை வைத்துக் காத்திருக்கவும் முடியாது. நேசையா கயிற்றை விட்டான். வெண்கல மணியைத் தாங்கிய கை அது. அன்றைக்கு விட்டது.

வடிவைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது குழி தயாராக வெட்டியிருந்தது. கள்ளிவேலிக்கு வெளியே. உள்ளே மூலையில் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, மூப்பர்மார் சம்மதிக்கவில்லை, நான் என்ன செய்ய என்றார் சற்குணம். மூப்பர்மாரைப் பிற்பாடு ஒவ்வொருவராகக் கேட்டான் நேசையா. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. வெள்ளம் வடிந்து ஐயர் வந்தபோது சற்குணம் சொன்ன கதைதான் அவர் காதில் விழுந்தது. ஆற்றுக்கு இக்கரையில் சற்குணம் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை.

எல்லாரும் நேசையா வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தார்கள். அவன் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கோவிலைக் கூட்டினான், பாய் விரித்தான், மணி அடித்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? ரூத்தாள் என்று ஒருத்தி, அவள் வாய்க்குப் பயந்து சேகரத்து ஐயரே வேறு தெரு வழியாகப் போவார். அவள் கிணற்றடியில் எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "பெண்டாட்டிக்கு அடிக்காத மணிய ஊருக்கு அடிக்கான் பாரு. அது கையா, அகப்பையா?"

நேசையா அதையும் கேட்டுக்கொண்டு தண்ணீர் இறைத்தான். ஆனால் ஒன்றையும் மறக்கவில்லை. சில பேருக்குக் கோபம் வந்தால் கத்திவிட்டு மறந்துபோவார்கள், அது பால் பொங்குகிற மாதிரி. நேசையா கோபம் அப்படி இல்லை. கருப்பட்டி காய்ச்சுகிற மாதிரி. அடுப்பை விட்டு நகரக்கூடாது, தீயும் குறையக்கூடாது.

இசக்கியம்மாவுக்குத் தன் விரலால் இட்ட திருநீறுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மனசு கிடந்து அறுத்தது. புருஷனைப் பறிகொடுத்த பிறகு அவள் இக்கரைக்கே வந்து, நேசையா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டாள். ஒரு நாள் கேட்டாள்.

"ஏன் அத்தான் இன்னும் அந்தக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய? வண்டி ஓட்டியாவது பிழைக்கலாம்லா?"

"நான் விட்டுட்டா அது வேற கைக்குப் போயிரும்ட்டி. அந்த ஆளுக்கு ஒரு நாள் இந்த மணி வேணும்னு வரும். உசிரு போற மாதிரி வேணும்னு வரும். அன்னைக்குக் கயிறு என் கையில இருக்கணும்."

அந்த நாள் வர ஆறு வருஷம் ஆயிற்று. 1913 தை மாதம். சற்குணம் பரீட்சையெல்லாம் தேறிவிட்டார். குருப்பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு படி பாக்கி. பல சேகரம் சேர்ந்த வட்டத்துக்கெல்லாம் தலைவரான வேதபோதகம் ஐயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அவர் பிரசங்கத்தைக் கேட்டு, சபை எப்படி இருக்கிறதென்று கண்ணால் பார்த்து, அத்தியட்சரிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் தலையை ஆட்டினால் பட்டம். ஆட்டாவிட்டால் சற்குணம் சாகிறமட்டும் உபதேசியார்தான். அவருக்கு ஏற்கெனவே காதோரம் நரைத்துவிட்டது. இன்னொரு தரம் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும்.

சனிக்கிழமை அவர் நேசையாவைக் கூப்பிட்டார். பெரிய ஐயர் ஏரலில் தங்கிவிட்டு விடிந்ததும் ஆற்றங்கரைப் பாதையாக வண்டியில் வருகிறார், நேரே கோவிலுக்கே வருகிறார் என்று சொல்லிவிட்டு, கையால் காற்றில் படம் வரைந்து காட்டினார்.

"முதல் மணி வழக்கம்போல அடிச்சிரு. ரெண்டாம் மணிய மட்டும் ஐயர் வண்டி வந்து நின்ன பிறகு அடி. அவர் கோவில் வாசல்ல நிக்கணும், நாலு தெருவுலேர்ந்தும் சனம் வெள்ளையும் சொள்ளையுமா பெருகி வரணும். அத அவரு பாக்கணும். புரிஞ்சுதா லே?"

"புரிஞ்சுது அய்யா" என்றான் நேசையா.

அவன் அன்றைக்குத் தூங்கின மாதிரி அந்த ஆறு வருஷத்தில் தூங்கியதில்லை.

விடிந்ததும் கோவிலைப் பளபளவென்று கூட்டினான். பாய்களை மடிப்பு இல்லாமல் விரித்தான். பிரசங்கபீடத்துக்குச் சற்குணம் கட்டச் சொன்ன வாழைக்கன்றையும் தென்னங்குருத்தையும் அவர் சொன்னதைவிட நன்றாகவே கட்டினான். செய்கிற வேலையில் குறை வைக்கிறவன் அல்ல அவன். முதல் மணியைத் துள்ளத் துள்ள அடித்தான். ஊர் குளித்தது. பெட்டியிலிருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. பெண்கள் கொண்டையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, ஆண்கள் மேல்துண்டை நீவி விட்டுக்கொண்டு, பிள்ளைகளை மண்ணில் உட்காராதே என்று அதட்டிக்கொண்டு, வீட்டு வீட்டுக்கு வாசல் நிலையில் வந்து நின்றார்கள். இரண்டாம் மணிக்காக.

வண்டி வந்தது. சற்குணம் மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஓடிப்போய் எதிர்கொண்டார். வேதபோதகம் ஐயர் கனத்த ஆள், பேச்சு குறைவு. இறங்கி, கோவிலை அண்ணாந்து பார்த்து, வளவைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குருவி இல்லை. சபையார் எங்கே என்று கேட்டார். சற்குணம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இப்போது பாருங்கள் ஐயரவர்களே என்று சொல்லிவிட்டு மணிக்கூண்டுப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி உயர்த்தினார். பிறகு, இதோ வந்துவிட்டேன் என்று ஐயரிடம் சொல்லிவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டுக்கு நடந்தார். நேசையா கூண்டுப் படியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். கோவில் வளவுக்குள் வெற்றிலை கூடாது என்று சட்டம் போட்டவர் எதிரே வந்து நின்றும் அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"என்னலே உக்காந்திருக்க? அடி."

"அடிக்கல."

"என்ன வெளையாட்டு இது? ஐயர் நிக்காரு லே."

"நிக்கட்டும். நானும் ஒரு நா இங்கனதான் நின்னேன். என் கைக்கு மேல கை வச்சுக் கயித்தப் பிடிச்சீரு. பிடிக்கத் தெரிஞ்ச கைதானே. இப்பவும் பிடியும் வே."

அதுவரை அவரை அவன் அய்யா என்றுதான் சொல்லியிருக்கிறான். வே என்றால் வெற்றிலைக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிடுகிற சொல். சற்குணத்துக்கு முகம் சுண்டிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். தோளில் கை வைக்கப் பார்த்தார். நாளைக்கே கள்ளிவேலியை வெட்டி உன் பெண்டாட்டி கல்லறையை உள்ளே சேர்த்துவிடுகிறேன், இது சத்தியம் என்றார்.

"உம்ம வாக்கு எவ்வளவு பெறும்னு எனக்குத் தெரியும். அது வேலிக்கு வெளிய கெடக்கு."

அங்கே வாசலில் பெரிய ஐயர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். ஊரைப் போய்க் கூப்பிடலாமென்றால் கூப்பிட்டு அனுப்ப ஓர் ஆள் இல்லை. எல்லாரும் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், சற்குணம் போட்ட சட்டத்தைக் காத்துக்கொண்டு. பெரிய ஐயர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, வந்தால் மணி கேட்குமே என்று அவர்களுக்குள் பேச்சு. இரண்டாம் மணிக்கு முன்னால் போய் ஐயர் கண் முன்னால் வாசலில் நிற்கிற அவமானம் யாருக்கு வேண்டும்?

சற்குணம் கயிற்றைப் பிடித்தார்.

நேசையா நினைத்திருந்தது அவ்வளவுதான்: கோவில் காலியாகக் கிடக்கவேண்டும், சற்குணம் காலிப் பாயைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணவேண்டும். அதற்கு மேலே நடந்தது அவன் போட்ட கணக்கில் இல்லாதது. சாக்குக்கட்டியும் புத்தகமும் மட்டும் பிடித்த கை அது. வெண்கல மணி லேசில் அசையுமா? முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுத்தார். ஓர் அடி விழுந்தது. கயிறு மேலே போனபோது அவரையும் நுனிக்காலில் தூக்கிக்கொண்டு போயிற்று. மூச்சு வாங்கினார். அந்த ஓசை வாய்க்கால் தாண்டிப் போய் அடங்குகிறவரை அவருக்கு அடுத்த இழுப்புக்குத் தெம்பு வரவில்லை. பிறகு இன்னொன்று. மறுபடி மூச்சு. மறுபடி ஒன்று.

நேசையாவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. அவன் மெல்ல எழுந்தான். சற்குணம் சுவரைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டிருந்தார். தான் என்ன அடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தது.

வீட்டு வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நம் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா என்று உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். பெரிய ஐயர் வருகிற நாளில் துக்கமணியா? அப்படியானால் போனது சின்ன ஆள் இல்லை. பெண்கள் கொண்டையிலிருந்த பிச்சிப்பூவைப் பிய்த்து எறிந்தார்கள், தலையை விரித்துவிட்டார்கள். ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் வரிந்துகொண்டு மண்வெட்டியைத் தேடினார்கள். இரண்டு பேர் மூங்கில் வெட்டவே போய்விட்டார்கள். சற்குணம் ஆசைப்பட்ட மாதிரியே நாலு தெருவிலிருந்தும் சனம் பெருகி வந்தது, வெள்ளையும் சொள்ளையுமாகத்தான். ஆனால் மாரில் அடித்துக்கொண்டு வந்தது.

வேதபோதகம் ஐயர் இரண்டு எட்டுப் பின்வாங்கினார். ஐம்பது ஊர் பார்த்த மனுஷன், ஆராதனைக்கு இப்படி வரும் ஒரு சபையை அவர் பார்த்ததில்லை. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் சற்குணம் கயிற்றை விட்டுத் திரும்பினார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

ரூத்தாள்தான் முதலில் வந்தவள். நேசையா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருலே? யாரு போனது?"

"வடிவு."

"எந்த வடிவு?"

"என் வடிவுதான். உபதேசியாரு இப்பத்தான் அவளுக்கு மணி அடிச்சிருக்காரு."

 மண்வெட்டி வைத்திருந்தவன் அதைத் தோளிலிருந்து இறக்கவில்லை. ரூத்தாள் சற்குணத்தைப் பார்த்தாள், மணிக்கயிற்றைப் பார்த்தாள், நேசையாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வாய்விட்டு ஒப்பாரியை எடுத்தாள். யாருமில்லாமல் போனாயே, மணியில்லாமல் போனாயே, முள்வேலிக்கு வெளியே கிடக்கிறாயே என்று அவள் எடுத்துக் கொடுக்க, மற்ற பெண்கள் பின்னால் வாங்கிப் பாடினார்கள். அன்று சும்மா இருந்த குற்றம் எல்லாருக்கும் இருந்தது அல்லவா, அழ வேண்டியதை ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்கள். அழுதுகொண்டே கூட்டம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. துக்கமணி அடித்தால் அங்கேதான் போவது வழக்கம். கால்கள் தாமாகப் போயின.

பெரிய ஐயர் ஒரு மூப்பரை நிறுத்திக் கேட்டார். அன்றைக்கு வெயிலில் நிறுத்தப்பட்ட அதே மூப்பர். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார், கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருப்பார். ஐயர் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போனார். கள்ளிவேலிக்கு வெளியே நின்று அடக்க ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தார்.

நேசையா அங்கே போகவில்லை.

பெண்டாட்டி கல்லறையில் ஊர் முழுவதும் நிற்கிறது, அவன் கோவில் வாசலில் நின்றான். ஏனென்றால் உள்ளே சற்குணம் இருந்தார். அவன் மடிப்பில்லாமல் விரித்த பாயில், வாழைக்கன்று கட்டிய பிரசங்கபீடத்துக்கு முன்னால், உள்ளங்கை இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிறு அறுத்துத் தோல் வழன்றிருந்தது. நேசையா நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். அவசரமில்லாமல், பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி பார்த்தான். சற்குணம் ஒரு தரம் தலையைத் தூக்கிவிட்டுக் குனிந்துகொண்டார். 

மத்தியானம் வேதபோதகம் ஐயர் தீர்ப்புச் சொன்னார். கள்ளிவேலியை வெட்டி அந்தக் கல்லறைக்கு அப்பால் நட வேண்டும். கர்த்தருடைய நாளில் மணியை நிறுத்தியதற்காக நேசையாவுக்கு இன்றோடு வேலை இல்லை. சற்குணத்தின் பட்டத்தைப்பற்றி அவர் இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மன்னித்து, சபை பார்க்கக் கைகொடுத்து ஒப்புரவாகவேண்டும். அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. ஒப்புரவான செய்தி வந்தால் அப்புறம் அத்தியட்சரிடம் பேசுவேன் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

ஆக, சற்குணத்தின் குருப்பட்டம் இப்போது யார் கையில் என்று பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் கையில்.

நாலைந்து நாள் பொறுத்து, பொழுது சாய்கிற நேரத்தில் சற்குணம் நேசையா வீட்டுக்கு வந்தார். குடை இல்லை. நேசையா வாங்கியிருந்த பழைய வண்டிக்கு அச்சாணி இறுக்கிக்கொண்டிருந்தான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. இசக்கியம்மா அடுப்படியில் கையிலிருந்த அகப்பையைக்கூடக் கீழே வைக்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"நேசையா, தப்புதான். நான் அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது."

"தெரியுமே. அத நீரு வந்து சொல்லணுமா?"

"ஒரு வார்த்தை போதும். கைகொடுக்கக்கூட வேண்டாம், மன்னிச்சேன்னு ஐயர்கிட்ட ஒரு வார்த்தை. என் பட்டம் உன் வாயில இருக்கு."

"இங்கனயே இருக்கட்டும் வே."

 சற்குணம் உபதேசியார் அல்லவா, கடைசி ஆயுதத்தை எடுத்தார். "எனக்காகச் சொல்லல. உனக்கும் நற்கருணை இல்லையே. அது இல்லாம செத்தா உன் ஆத்துமாவ நெனைச்சுப் பாரு."

"நெனைச்சாச்சு. நீரு வாங்காத மட்டும் எனக்கும் வேண்டாம். ரெண்டு பேரும் பட்டினி கெடப்போம். யாரு தாங்குதான்னு பாப்போம்."

அவர் போன பிறகு இசக்கியம்மா வெளியே வந்து, அக்காளை உள்ளே சேர்த்தாயிற்று, ஜெபமும் ஆயிற்று, இன்னும் என்ன அத்தான் என்று கேட்டாள். நேசையா அச்சாணியைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். 

சித்திரையில் சற்குணத்தைப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் மலையடியில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றிவிட்டார்கள். உபதேசியாராகவே. நேசையாவின் வண்டி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஏரல் கருப்பட்டியையும் சுண்ணாம்பையும் பாளையங்கோட்டைக்குச் சுமந்தது. மேலப்பாளையம் நெசவுக்காரர்கள் நூல்பொதியை அவன் வண்டியில் தவிர வேறு வண்டியில் ஏற்றமாட்டார்கள். ஆதாரபுரம் கோவிலுக்கு முன்மண்டபம் கட்டியபோது கல் முழுவதும் அவன் மாடு இழுத்ததுதான். சபையில் அவனை மூப்பராக வைக்கவும் பார்த்தார்கள். நற்கருணை வாங்காதவன் மூப்பராக முடியாது என்று சட்டம் குறுக்கே வந்தது. அதற்கும் அவன் அசையவில்லை. மாதத்தில் நற்கருணை கொடுக்கிற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்து பிள்ளைகளும், நற்கருணை வாங்கத் திடப்படுத்தல் பெறாதவர்களும் எழுந்து வெளியே போகிற நேரத்தில், முன்வரிசையிலிருந்து நேசையாவும் எழுந்திருப்பான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நடுவழியாகவே நடந்து வெளியே போவான். புதிதாக வருகிற ஐயர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினான்.

1918இல், உலகச் சண்டை முடிந்த வருஷம், ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தபோது, பாபநாசம் பக்கம் வண்டி ஓட்டிப்போய் வந்த ஆள் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். சற்குணம் உபதேசியார் மலைக்காய்ச்சலில் கிடக்கிறார், எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது, இன்னும் பட்டம் ஆகவில்லை, நேசையா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் நற்கருணையாவது வாங்கிக்கொண்டு கண்ணை மூடுவார் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றான். நேசையா மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டான். ஒரு தரம் மட்டும், பட்டம் ஆகவில்லையா என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். பிறகு கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இசக்கியம்மா அயிரைமீன் குழம்பு வைத்திருந்தாள். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே குந்தியிருந்தாள்.

"சாகக் கெடக்க மனுசன். போதும் அத்தான். சொல்லி அனுப்புங்க. நான் வேணும்னா நடந்துபோய்ச் சொல்லிட்டு வாரேன்."

நேசையா இலையிலிருந்ததை நிதானமாகத் தின்று முடித்தான். முள்ளை ஓரத்தில் எடுத்து வைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுட்டி" என்றான். "இன்னைக்குக் கொழம்பு நல்லாருக்கு."